துளியின் தலையில் துளி

16 நவம்பர் 2024, சனி

விடியலிலிருந்து மழை. சாமான் அறையில் நூற்று நாற்பது படம் எடுத்தேன்; நூற்று முப்பத்தெட்டை அழித்தேன். மிச்சம் இரண்டு. ஒன்றில் துளி இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. மற்றதில் எல்லாம் முடிந்து வட்டங்கள் மட்டும் கிடக்கின்றன. எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இரண்டு வருடமாக இதைத்தான் தேடுகிறேன். ஒரு துளி விழுந்தால் தண்ணீர் சிறு தூணாக எழும்பும். அந்தத் தூண் நிற்கும் கணத்தில் அடுத்த துளி வந்து அதன் தலையில் மோதினால் குடை விரிந்த மாதிரி ஒரு வடிவம் வரும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் பிளாஷ் அடித்தால் கமராவுக்குத் தெரியும். கூரை வளையிலிருந்து தொங்கும் தண்ணீர்ப் போத்தல், அதிலிருந்து இறங்கும் சேலைன் குழாய், கீழே பால் கலந்த தண்ணீரோடு பேசன், யன்னலுக்குக் கறுப்புத் துணி. எல்லாம் இருக்கிறது. குடைதான் வருவதில்லை.

அரிசி எடுக்கவும் உங்களிட்ட அனுமதி கேக்கவேண்டிக் கிடக்கு என்று மனைவி மேரிசெல்வி கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். அவள் சொல்வதும் சரி. அரிசி வாளி என் கமரா ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனாலும் கதவைத் திறக்கவில்லை.

மார்ச்சில் உலகத் தண்ணீர் நாளுக்கு எங்கள் ஒளிப்பட வட்டம் கண்காட்சி வைக்கப்போகிறது. மன்னாரிலிருந்து ஒரேயொரு படம் கொழும்புக்குப் போகுமாம். வட்டத்தின் செயலாளர் ரொபின்சன் நேற்றுச் சொன்னார். 2011ஆம் ஆண்டு மலரில் என் படத்துக்குக் கீழே இன்னொருவர் பெயரைப் போட்டாரே, அதே ஸ்ரூடியோ ரொபின்சன். அச்சுப் பிழையாம். பதின்மூன்று வருடம். அச்சுப் பிழையென்று நான் இன்னும் நம்பவில்லை.

21 நவம்பர், வியாழன்

கந்தோரில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. துசாந்தினியின் பெயர் இருக்கிறது. கூட்டக் குறிப்பு எழுதுவது எப்படியென்று நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை. கேக் கொண்டுவந்து மேசை மேசையாகக் கொடுத்தாள். வாழ்த்துச் சொன்னேன். கேக்கை மேசை லாச்சிக்குள் வைத்தேன். பின்னேரம் திறந்தால் எறும்பு.

1 டிசம்பர், ஞாயிறு

குசினிப் பைப் ஒழுகி மூன்று நாள். பூசை முடிந்து வந்ததும் பாலசிங்கம் வந்தான். தோட்டவெளிக் கிராமத்தில் இருக்கிற பைப் வேலைக்காரன். என் வயதுதான். எண்பத்து மூன்றில் மலைநாட்டிலிருந்து தகப்பன் தாயோடு வந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். என்னை 'சேர்' என்பான். பதினைந்து வருடமாக எங்கள் வீட்டுப் பைப்புகளை அவன்தான் பார்க்கிறான்.

ஒரு வாசரை மாற்றிவிட்டுக் கை கழுவியவன் சாமான் அறை திறந்திருப்பதைப் பார்த்துவிட்டான். "இதென்ன சேர், ஆருக்கும் சேலைன் ஏத்துறியளோ?" என்றான். மேரிசெல்வி சிரித்தாள். என் வேலையைப் பார்த்து அவள் சிரித்துக் கனகாலம்.

விளங்கப்படுத்தினேன். ஒரு மணித்தியாலம். தூண், குடை, பிளாஷின் நேரம், எல்லாம். என் கையால் இருபது படம் எடுத்தும் காட்டினேன். அவன் படங்களை விட்டுவிட்டுப் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றான். முதலில் சரியாக விழுந்த துளி பிறகு ஏன் பிழையாக விழுகிறது என்று கேட்டான். போத்தலில் நீர்மட்டம் இறங்க இறங்க அமுக்கம் குறையும், அமுக்கம் குறையக் குறைய துளிகளுக்கிடையிலான நேரம் நீளும், ஆகவே மின்வால்வு இல்லாமல் இது சீராக நடக்காது என்றேன். வகுப்பில் சொல்வது போலச் சொன்னேன். பௌதிகவியல் பட்டதாரி நான்; வகுப்புத்தான் ஒருநாளும் கிடைக்கவில்லை.

"மட்டம் இறங்காட்டில் சரியோ சேர்?" என்றான்.

இறங்காமல் எப்படி என்றேன். ம் என்றான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

நல்ல நாள். யாராவது கேட்டால் நான் நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன். ஒருவரும் கேட்பதில்லை.

15 டிசம்பர், ஞாயிறு

பாலசிங்கம் எங்கேயோ ஒரு பழைய கமரா வாங்கியிருக்கிறானாம். பிளாஷ் ஒன்று இரவலாகத் தரமுடியுமா என்று கேட்டான். என் பழைய பிளாஷைக் கொடுத்தேன். எந்த அளவில் வைக்க வேண்டும் என்பதையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். பைப் முடுக்குகிறவனுக்கு இது எங்கே வரப்போகிறது? இரண்டு கிழமையில் திருப்பித் தருவான்.

12 ஜனவரி 2025, ஞாயிறு

எடுத்துவிட்டான்.

பூசைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளை மறித்துக் காட்டினான். ஸ்ரூடியோவில் கழுவிய படம். உறையிலிருந்து இரண்டு விரலால் எடுத்தான். குடை. என் குடை. தூண் நேராக நிற்கிறது, மேலே குடை முழு வட்டமாக விரிந்திருக்கிறது, விளிம்பில் சிறு மணிகள் இன்னும் பிரியாமல் தொங்குகின்றன. பின்னால் ஏதோ நீலம். அவனுடைய மூத்த மகள் மதுஷிகாவின் பள்ளிக்கூடப் பைல் மட்டையாம்.

நன்றாக இருக்கிறது என்றேன். என் வாய் அதைச் சொன்னது. மேரிசெல்வி படத்தை வாங்கி வெயிலில் பிடித்து, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சேர் சொல்லித்தந்ததுதான்" என்றான் அவளிடம்.

நான் என்னத்தைச் சொல்லிக் குடுத்தனான்? எனக்கே வராததை எப்பிடி இவனுக்குக் குடுத்திருப்பன்? ஆறு கிழமை. ஆறே கிழமை! நான் இரண்டு வருசம் முழங்கால் நோக அந்தப் பேசனுக்கு முன்னால் குந்தியிருந்தனான். பூசை முழுக்க எனக்கு ஒரு வாசகமும் கேட்கவில்லை. அந்த விளிம்பு மணிகள்தான் கண்ணில் நின்றன. பதினேழு எண்ணினேன். இன்னும் கூட இருக்கலாம்.

13 ஜனவரி

முந்நூறு படம். ஒன்றுமில்லை.

20 ஜனவரி, திங்கள்

துசாந்தினி கந்தோரில் போனை நீட்டினாள். பாலசிங்கத்தின் படம் பேஸ்புக்கில். நானூற்றுச் சொச்சம் பேர் விரும்பியிருக்கிறார்கள். கீழே அவன் எழுதியிருக்கிறான்: 'சின்னராசா சேரிட்டப் பழகினது. நன்றி சேர்.'

உங்களைத்தானே அண்ணை, எங்களுக்குச் சொல்லவேயில்லை என்றாள். பக்கத்து மேசைக்காரர்களும் எழும்பி வந்து பார்த்தார்கள். அப்ப உங்கட படங்களையும் காட்டுங்கோ என்று ஒருவர் கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றேன்.

அவன் எனக்கு நன்றி சொல்லாமல் விட்டிருக்கலாம். அப்போது எனக்குக் கோபிக்க ஒரு நியாயமாவது இருந்திருக்கும்.

2 பெப்ரவரி, ஞாயிறு

இரண்டு விடயம்.

ரொபின்சனின் ஸ்ரூடியோவுக்குப் போய் என் படத்தைக் கொடுத்தேன். தூண் மட்டும் உள்ள படம். சுத்தமான படம்தான், அதை நான் சொல்லலாம். ரொபின்சன் பார்த்தார். நல்லது என்றார். பிறகு லாச்சியிலிருந்து, கண்காட்சிக்கு வந்திருந்த பாலசிங்கத்தின் படத்தை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார்.

மற்றது, மேரிசெல்வியின் போன். மேசையில் கிடந்தது, மணியடித்தது, எடுத்தேன். திரையில் அந்தக் குடை. இருபத்தாறு வருடம் என்னோடு இருக்கிறாள். என் படமொன்று அந்தப் போனில் ஒருநாளும் இருந்ததில்லை. கேட்டேன். வடிவாய்க் கிடந்தது, போட்டனான் என்றாள். அதில் என்ன என்று திருப்பிக் கேட்டாள்.

அதில் என்ன என்று எனக்கும் தெரியவில்லை. இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

5 பெப்ரவரி, புதன்

பெட்டிசம் எழுதினேன்.

இந்த ஊரில் யாருக்கு எது கிடைத்தாலும் ஒரு பெட்டிசம் போகும். கந்தோரில் இருபத்தெட்டு வருடமாக மற்றவர்களுடையதை வாசித்துக் கோவையில் போட்டிருக்கிறேன். பெயரில்லாத கடிதங்களை எத்தனை முறை காறித் துப்பியிருப்பேன். இன்று நானே ஒன்று எழுதினேன். கணினியில் அடித்து, வட்டத்தின் முகவரிக்கு முருங்கன் போய்த் தபாலில் போட்டேன்.

மூன்று பந்தி. முதலாவது: மேற்படி படம் கணினியால் உருவாக்கப்பட்டதென வலுவான சந்தேகம் உண்டு. இரண்டாவது: மேற்படி நபரின் கல்வித் தகைமைக்கும் இப்படத்துக்குத் தேவையான அறிவுக்கும் பொருத்தமில்லை. மூன்றாவது: போத்தலில் நீர்மட்டம் இறங்க இறங்க அமுக்கம் குறையும், அமுக்கம் குறையக் குறைய துளிகளுக்கிடையிலான நேரம் நீளும், ஆகவே மின்வால்வு இன்றி இரு துளிகள் இவ்வாறு மோதுவது பௌதிகவியலின்படி நடைமுறைச் சாத்தியமற்றது, மேற்படி நபரிடம் மின்வால்வு கிடையாது.

மூன்றாவது பந்தி நன்றாக வந்திருக்கிறது. அதை யாராலும் மறுக்க முடியாது. நான் பொய் எழுதவில்லை. அவன் ஏதோ கள்ளம் செய்திருக்கிறான். இல்லாவிட்டால் எனக்கு ஏன் வரவில்லை?

9 பெப்ரவரி, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பீடத்துக்குப் போய் நன்மை அப்பம் வாங்கவில்லை. ஏனென்று மேரிசெல்வி கேட்டாள். பல்லுவலி என்றேன்.

17 பெப்ரவரி, திங்கள்

பின்னேரம் பாலசிங்கம் வந்தான். கையில் சாமான் பை இல்லை. வேலைக்கு வராமல் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. கதிரையில் இருக்கச் சொன்னேன். நுனியில் இருந்தான்.

பெட்டிசம் போயிருக்கிறதாம். ரொபின்சன் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். குழு முன்னிலையில் எடுத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் படத்தை நீக்குவார்கள். அதோடு முடியாது என்றான். மதுஷிகாவின் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்களாம். இப்போது பெட்டிசக் கதை அங்கேயும் போய், பிள்ளைகள் அவளைக் 'கள்ளப் படம்' என்று கூப்பிடுகிறார்களாம். இரண்டு நாளாக அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

"என்ர வீடு ஒரு அறை, தகரம். ஆறு பேர் உள்ளுக்க வந்தால் நிக்க இடமில்லை, வெளிச்சமும் வரும்" என்றான். "உங்கட அறையில செய்து காட்டலாமோ சேர்?"

அவன் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான். நான் யன்னலைப் பார்த்து ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? மேரிசெல்வி பக்கத்தில் நின்றாள். எந்த அறிவு கெட்டவன் இப்பிடி எழுதினது என்றும் கேட்டாள்.

22 பெப்ரவரி, சனி

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

பத்து மணிக்கு ரொபின்சனும் குழுவில் இருவரும் வந்தார்கள். பாலசிங்கம் மதுஷிகாவைக் கூட்டிவந்திருந்தான். வீட்டில் அவள்தான் கமராப் பொத்தானை அமத்துகிறவளாம். அவன் வீட்டு ஆட்கள் தொடக்கூடாது, அவனுடைய கமராவும் கூடாது என்றார் ரொபின்சன். என் கமராவை வாங்கி, வெறும் கார்ட் ஒன்றை அவரே போட்டார். பிள்ளை விறாந்தையில் போய் இருந்துகொண்டாள்.

பிறகு ரொபின்சன் விறாந்தையிலேயே வைத்துப் பெட்டிசத்தை வாசித்தார். என் வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு. அவர் வாசிக்கும்போது என் வசனங்கள் எல்லாம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. கல்வித் தகைமை என்ற இடத்தில் மதுஷிகா நிலத்தைப் பார்த்தாள். மூன்றாவது பந்தி வந்ததும் தேத்தண்ணித் தட்டோடு நின்ற மேரிசெல்வி மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். டிசம்பரில் நான் வகுப்பு நடத்தியபோது அவளும் குசினியில்தான் நின்றாள்.

பாலசிங்கம் மட்டும் சாதாரணமாக இருந்தான். "மூண்டாவது கேள்வி நல்ல கேள்வி" என்றான். "படிச்ச ஆள்தான் கேட்டிருக்கிறார்."

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் ஒரு போத்தலும் எடுத்தான். கிண்ணத்தின் அடியில் துளை. அதில் சேலைன் குழாய் ஒட்டியிருந்தது. போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கிண்ணத்துக்குள் தலைகீழாக நிறுத்தினான். கோழிக்குஞ்சுக்குத் தண்ணி வைக்கிற மாதிரி என்றான் குழுவிடம். கிண்ணத்தில் மட்டம் போத்தல் வாய்க்குக் கீழே இறங்கினால் குளுக்கென்று காற்று உள்ளே போகும். அவ்வளவு தண்ணீர் கீழே வரும். கிண்ணத்தின் மட்டம் மாறாது. மட்டம் மாறாவிட்டால் துளியும் மாறாது.

அவ்வளவுதான்.

இதே தத்துவத்தைப் பல்கலைக்கழக இரண்டாம் வருடத்தில் படம் கீறி விளக்கி இருபதுக்குப் பதினெட்டுப் புள்ளி வாங்கியவன் நான். எங்கள் வீட்டுப் பின்வளவிலும் ஐந்து கோழி நிற்கிறது. நான்தான் தண்ணி வைக்கிறேன்.

கறுப்புத் துணியைப் போட்டுக் கதவைச் சாத்தினோம். அவனுக்கு ஒரு கை குழாயின் திருகில், ஒரு கை கிண்ணத்தில். அமத்த ஆள் வேண்டும். சேர் அமத்தட்டும் என்றான். ரொபின்சன் சம்மதித்தார்.

என் விரல் பொத்தானில். அவன் கண்ணை மூடிக்கொண்டு காது கொடுத்து நிற்கிறான். போத்தல் குளுக்கென்றதும் தண்ணீர் கொஞ்சம் ஆடும். அது அடங்கும்வரை ஒரு மூச்சு பொறுப்பான். பிறகு "இப்ப" என்பான்.

இங்கே பொய் எழுத மாட்டேன். நான் பிந்தித்தான் அமத்தினேன். அவன் இப்ப என்றதும் விட்டுவிட்டு, அந்தக் கணம் போன பிறகு அமத்தினேன். முப்பது முறை. ரொபின்சன் திரையைப் பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். வட்டம். வட்டம். ஒன்றுமில்லை. முப்பதாவதுக்குப் பிறகு குழுவில் ஒருவர் நேரம் பார்த்தார். இன்னும் பத்துப் பார்ப்பம், பிறகு எழுதிக்குடுத்திட்டுப் போவம் என்றார் ரொபின்சன். அந்தப் பத்தும் போயிருந்தால் என் படம் கொழும்பு போயிருக்கும்.

"அவசரமில்லை சேர்" என்றான் பாலசிங்கம் இருட்டுக்குள். "உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி அமத்துங்கோ."

குரலில் கோபமில்லை. கெஞ்சலும் இல்லை. எனக்குத்தான் வேர்த்தது.

நான் ஏன் மாறினேன் என்று இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன். மனம் இளகியது என்று எழுத ஆசை. அப்படியில்லை. விறாந்தையில் இருந்த பிள்ளையை நான் நினைக்கவேயில்லை. எனக்கு அந்தக் குடையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இரண்டு வருடமாக வராதது ஒரு கை தூரத்தில், என் பேசனில், ஒவ்வொரு துளிக்கும் விரிந்து விரிந்து அழிந்துகொண்டிருக்கிறது; நான் வேண்டுமென்றே அதைத் தவறவிட்டுக்கொண்டிருக்கிறேன். பொறுக்க முடியவில்லை. குளுக். ஒரு மூச்சு. இப்ப. அமத்தினேன்.

ரொபின்சன் திரையைப் பார்த்தார். கதவைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார். "மாதாவே" என்றார்.

ஒன்றல்ல, இரண்டு. மேலே பெரிய குடை, அதன் காம்பில் சிறிய குடை ஒன்று. முதல் படத்தைவிட எத்தனையோ மடங்கு. மூவரும் அந்த இடத்திலேயே கையெழுத்து வைத்தார்கள். மேரிசெல்வி தேத்தண்ணி கொடுத்தாள். மதுஷிகா வந்து படத்தைப் பார்த்துவிட்டு, தகப்பனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் போன பிறகு பாலசிங்கம் குழாயைச் சுருட்டினான். நான் பேசனை எடுத்தேன். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"மூண்டாவது பந்தி நீங்கள் இந்த அறையில நிண்டு எனக்குச் சொன்னது சேர். ஒரு சொல்லும் மாறேல்ல. ரொபின்சன் காட்டின உடனயே விளங்கிட்டுது."

நான் பேசனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒருத்தருக்கும் சொல்லேல்ல. சொல்லவும் மாட்டன்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்கா போட்டு வாறன் என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்துவிட்டுப் போனான். என்னிடம் சொல்லவில்லை.

23 பெப்ரவரி

மேரிசெல்வி சமைத்தாள். மேசையில் எனக்கு மட்டும் வைத்தாள். தான் குசினியில் நின்று சாப்பிட்டாள்.

25 பெப்ரவரி, செவ்வாய்

"கேளுங்கோ" என்றாள் இன்று. "நான் கேக்கிறதுக்கு ஒண்டுமில்லை எண்டு நினைச்சு இருக்கிறியளோ?"

உனக்குத் தெரியுமென்று எனக்குத் தெரியும் என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளை ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போகேல்லை" என்றாள். "அதுக்கு நீங்கள் ஆரிட்டப் போய் நிக்கப்போறியள்?"

1 மார்ச், சனி

ரொபின்சன் போன் எடுத்தார். இந்த மனிதர் என் வாழ்க்கையில் நல்ல செய்தி சொல்வது இதுதான் முதல் தடவை. கொழும்புக்கு அந்த இரட்டைக் குடைப் படத்தையே அனுப்புவதாம். குழு கையெழுத்து வைத்தது அதற்குத்தான்.

"ஒரு சிக்கல், சின்னராசா" என்றார். "விதிப்படி படம் அமத்தினவருக்குத்தான் சொந்தம். கமரா உம்மட, அமத்தினது நீர். பாலசிங்கத்தைக் கேட்டனான். சேருக்கே போடுங்கோ, எனக்கு ஆட்சேபமில்லை எண்டுட்டான். புதனுக்குள்ள சொல்லும்."

போனை வைத்துவிட்டு முற்றத்தில் நடந்தேன். என் பெயர். கொழும்பில். அச்சுப் பிழையில்லாமல். விதியும் அப்படித்தான் இருக்கிறது. நான் கேட்டு வாங்கியதில்லை.

அவன் ஏன் விட்டுக்கொடுக்கிறான்? பெருந்தன்மையா? அல்லது, இந்தா, உனக்கு வேணுமெண்டதை எடுத்துக்கொண்டு போ என்கிறானா? அவனுக்கு எப்பிடி இவ்வளவு சுலபமாக் குடுக்க முடியுது? எனக்கு ஒரு கேக் துண்டைக் கூடச் சந்தோசமாக வாங்க முடியவில்லை.

இதிலும் அவன்மேல் பொறாமைதான் வருகிறது.

3 மார்ச், திங்கள்

படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். சிறிய குடையின் விளிம்பில் இருபத்து மூன்று மணிகள். என் விரல்தான் அமத்தியது. அமத்து என்று சொன்னது?

5 மார்ச், விபூதிப் புதன்

காலைப் பூசைக்குப் போய், நெற்றியில் சாம்பலோடு நேரே ஸ்ரூடியோவுக்குப் போனேன். அது என் படமில்லை என்றேன். இப்ப என்று அவன் சொன்னான், நான் அமத்தினேன், ஒரு கயிற்றைக் கட்டி இழுத்திருந்தாலும் அதே படம்தான் வந்திருக்கும் என்றேன். முன்பு முப்பது தடவை ஏன் வரவில்லை என்று ரொபின்சன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

சரி என்று படிவத்தில் பாலசிங்கத்தின் பெயரை எழுதினார். அரை நிமிட வேலை. வந்திருந்த ஒருவரின் அடையாள அட்டைப் படத்தை வெட்டத் தொடங்கிவிட்டார்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். ஏதாவது சொல்வார் என்று.

22 மார்ச், சனி

மன்னாரில் கண்காட்சி. நடுச் சுவரில் இரட்டைக் குடை, அரை ஆள் உயரம். ஒளிப்படம்: பாலசிங்கம், தோட்டவெளி. என் தூண் கதவுக்குப் பக்கத்தில். என் பெயர் சரியாகவே இருந்தது.

பாலசிங்கம் வெள்ளை உடுப்பில் மனைவி, மூன்று பெண்பிள்ளைகளோடு நின்றான். சனம் போய்க் கை கொடுத்தது. துசாந்தினி அவனோடு நின்று செல்பி எடுத்தாள். நானும் போனேன். கை கொடுத்தான். சந்தோசம் என்றேன். ஓம் என்றான். அடுத்தவர் பக்கம் திரும்பினான்.

நான் அந்தப் படத்தை வேண்டாமென்று சொன்னது இந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் நாக்கு அரித்தது. தண்ணீர் குடிக்கும் இடத்தில் ஒரு ஆசிரியரிடம் தொடங்கியும் விட்டேன்: "உண்மையில அந்தப் படம்..." மேரிசெல்வி பக்கத்தில் வந்து நின்றாள். நல்ல படம் என்று முடித்தேன்.

30 மார்ச், ஞாயிறு

தோட்டவெளிக்குப் போனேன். தனியே. மேரிசெல்விக்குச் சொல்லிவிட்டுத்தான். அவள் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துத் தந்தாள்.

பாலசிங்கம் வாசலில் நின்று மோட்டரொன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தாமலே, பிடித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினேன். அந்தப் பெட்டிசம், என்று. வழி முழுக்கச் சொல்லிப் பார்த்து வந்த வசனம்.

"பிள்ளையளுக்கு முன்னால வேண்டாம்" என்றான்.

உள்ளே மூன்று பேரும் இருந்தார்கள். வாயை மூடினேன். அவன் கையை எண்ணெய்த் துணியில் துடைத்தான். நிறைய நேரம் துடைத்தான். பிறகு மோட்டரைச் சுற்றிக்கொண்டு வேலிக்கருகில் போனான். நானும் போனேன். அங்கே சொன்னேன். நான் எழுதினேன் என்றும், முதல் முப்பது முறையும் வேண்டுமென்றே பிந்தி அமத்தினேன் என்றும். இரண்டாவது அவனுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"இருட்டில கமரா சத்தம் கேக்கும்தானே" என்றான்.

மன்னிப்பு என்ற சொல்லை நான் சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதுமட்டும் நினைவிருக்கிறது.

போக வெளிக்கிட்டேன். மதுஷிகா வாசலில் வந்து, துணி பறக்குது அப்பா என்று கூப்பிட்டாள். படமெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கையளவு இடைவெளி. கடற்காற்று அதற்குள்ளால் வந்து கறுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டிருந்தது. பாலசிங்கம் என்னைப் பார்த்தான்.

"உதை ஒருக்காப் பிடியும்" என்றான்.

பிடித்தேன். கையை உயர்த்தி, இரண்டு மூலையையும் தகரத்தோடு அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி. முதுகுக்குப் பின்னால் குளுக் என்று கேட்டது. பிளாஷ் அடித்தது. திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் துணி நழுவும். ஒன்றரை மணித்தியாலம். பிள்ளை ஒன்பதாவது தடவையிலேயே எடுத்துவிட்டாளாம். நடு மகள் கை தட்டினாள். எனக்கு அவர்கள் எல்லார்மேலும் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் துணியை விடவில்லை.

இப்போது இரண்டு தோள்மூட்டும் நோகிறது. மேரிசெல்வி நல்லெண்ணெய் சூடாக்குகிறாள். வெளிக்கிடும்போது அடுத்த ஞாயிறும் வரச் சொன்னான். காற்று இன்னும் ஒரு மாதத்துக்கு இப்படித்தானாம், துணி பிடிக்க ஒரு ஆள் வேண்டுமாம்.